காரின் நெற்றியில் பட்டம் எதற்கு?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் அய்யம்பேட்டைப் பக்கம் சற்று நேரம் நின்று பாருங்கள். பத்திரிகை, போலீஸ், வக்கீல், டாக்டர், ராணுவம் என்று ஒட்டிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சிலவற்றில் நம்பர் பலகையிலேயே கட்சிக்கொடியின் வர்ணம்! உள்ளே இருப்பவர் உண்மையிலேயே அந்த உத்தியோகஸ்தர்தானா, அல்லது அவருடைய மைத்துனரா? அது காருக்கே வெளிச்சம்!

சென்னையில் இதற்கு ஒரு முடிவு கட்டப் புறப்பட்டார்கள். தனியார் வண்டிகளில் துறையின் பெயரோ பதவியோ சின்னமோ ஒட்டக்கூடாது என்று போக்குவரத்து போலீசார் உத்தரவு போட்டார்கள். 2024 மே 2 முதல் அது அமலுக்கு வந்தது. முதல் தடவை பிடிபட்டால் 500 ரூபாய் அபராதம். மறுபடியும் பிடிபட்டால் 1,500 ரூபாய்.

டாக்டர்கள் விலக்குக் கேட்டார்கள். நடுநிசியில் பிரசவம் பார்க்க ஓடுகிற டாக்டரை வழிமறிக்கலாமா? கூடாதுதான். ஆனால் அந்த ஒட்டுத்தாள் கடையிலே கிடைக்கிறது. காசு கொடுத்தால் யாரும் வாங்கி ஒட்டலாம். போலிகள் பெருகினால் உண்மையான டாக்டரின் காரையும் போலீஸ்காரர் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். சட்டைப் பையில் உள்ள அடையாள அட்டையைக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

“அது சென்னைக்குப் போட்ட உத்தரவு. நமக்கு என்ன?” என்று தஞ்சை ஜில்லாக்காரர்கள் கேட்கலாம். நம்பர் பலகை விஷயத்தில் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை விடவேண்டும் என்பதும் அப்படியே. பின்கண்ணாடி பூராவும் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தால், பின்னால் வரும் லாரி டிரைவருக்கு எப்படித் தெரியும்?

மீதியை நியாயத்தை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். நாற்று விடும் காலம். விதைமூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஒரு குடியானவர் வருகிறார். நிறுத்துகிறார்கள். லைசென்ஸ் எங்கே? இன்சூரன்ஸ் எங்கே? ஹெல்மெட் எங்கே? எல்லாம் கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். ஆனால் அவர் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே, பட்டம் ஒட்டிய கார் ஒன்று வேகத்தைக் கூடக் குறைக்காமல் பறந்துபோகிறது. அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். சட்டம் தமக்கு மட்டும்தான் என்று அவர் நினைத்தால், அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

2017 மே 1 முதல் ஜனாதிபதி, பிரதமர் கார்களிலேயே சிவப்புச் சுழல்விளக்கு கிடையாது. மைத்துனருக்கு மட்டும் பட்டம் எதற்கு?

டெல்டாவில் ‘விவசாயி’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டிக்கொள்வோரும் உண்டு. அதைக் கண்டு யாரும் சலாம் போட்டு வழிவிடப் போவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்டியரிங்குக்கு முன்னால் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஆடினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. டிரைவரின் கண்ணை மறைக்காதவரை!

சட்டமே கட்டாயமாக மாட்டச் சொல்லும் அடையாளம் ஒன்று இருக்கிறது. 18 சென்டிமீட்டர் சதுரம். வெள்ளையில் சிவப்பாக ‘எல்’ என்ற எழுத்து. “எனக்கு இன்னும் சரியாக ஓட்டத் தெரியாது, பார்த்து வாருங்கள்” என்று அர்த்தம். ஓட்டப் பழகுகிறவர் வண்டியின் முன்னும் பின்னும் அதை மாட்டவேண்டும். அதை மாட்டத்தான் பலருக்கு வெட்கமாக இருக்கிறது.