பாளையங்கோட்டைச் சிறைக்குள் ஒரு ஊரும் ஒரு சேரியும்

ஜெயிலுக்குள்ள போயிட்டா எல்லாரும் ஒண்ணுதான், எல்லாருக்கும் ஒரே களிதான் என்று வெளியே இருக்கிறவன்தான் சொல்கிறான். உள்ளே போய் வந்தவனைக் கேளுங்கள். கைதிப் பதிவேட்டில் சாதிக்கென்றே ஒரு கட்டம் இருந்தது. எங்கே படுப்பது, யார் சோறு பொங்குவது, யார் விளக்குமாறு பிடிப்பது எல்லாம் அந்தக் கட்டத்தில் இருந்துதான் முளைத்தன.

இது கட்டுக்கதை அல்ல. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020இல் எழுதி அம்பலப்படுத்தியது. அவரே தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பாகவே சொன்னது. மேற்கு வங்கச் சிறை விதிப்படி கைதிகளுக்குச் சமைப்பவர் 'தகுந்த சாதி'க்காரராக இருக்க வேண்டும். உத்தரப்பிரதேசக் கையேட்டின்படி வெறுங்காவல் கைதிக்கு இழிவான வேலை தரக்கூடாது, அந்த வேலையைச் செய்து பழகிய சமூகத்தைச் சேர்ந்தவனாக இருந்தாலொழிய. பழக்கமாம்! பீ அள்ளுவது ஒருத்தனுக்கு எப்படிப் பழக்கமாச்சு, யார் பழக்கினது? வெள்ளைக்காரன் விட்டுப்போன குப்பை என்று கை கழுவவும் வழியில்லை. அந்தக் கையேடு 2022இல் வந்தது.

வடக்கத்திச் சங்கதி என்று நாம் நிம்மதியாக உட்கார முடியுமா? அதே தீர்ப்பில் நம் பாளையங்கோட்டையும் இருக்கிறது. தேவருக்கு, நாடாருக்கு, பள்ளருக்குத் தனித்தனிப் பகுதி என்பது புகார். இதுபற்றி முன்பே உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனபோது அரசு மறுக்கவில்லை. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சாதி மோதல் அதிகம், அதைத் தவிர்க்கத்தான் பிரித்து வைக்கிறோம் என்றது. உயர் நீதிமன்றமும் தலையாட்டியது. பெரியார் மண்ணாம்.

இந்த நியாயத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? டீக்கடையில் கேட்டிருக்கிறோம். "தனி கிளாஸ் வச்சா சண்டை இல்ல பாருங்க." சுடுகாட்டில் கேட்டிருக்கிறோம். "அவங்க பாதையில அவங்க போனா அமைதியா இருக்கும்." ஊர்ப் பெரியதனக்காரன் சொன்னதையே அரசாங்கம் பிரமாணப் பத்திரத்தில் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் கடமை, அதற்குப் பிரித்து வைப்பது வழியல்ல என்று உச்ச நீதிமன்றம் இதை நிராகரித்தது.

2021 ஏப்ரலில் அதே பாளைச் சிறையில் தலித் விசாரணைக் கைதி ஒருவர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். 'பார்த்தீர்களா, கலந்து வைத்தால் இதுதான் கதி' என்று இதைக் காட்டியே சொல்வார்கள். வருசக்கணக்கில் பிரித்து வைத்து ஒவ்வொரு பிளாக்கையும் ஒவ்வொரு சாதியின் கோட்டையாக வளரவிட்டது யார்? ஒரு மனுசனை அடித்தே கொல்கிற வரைக்கும் வார்டன்கள் எங்கே போனார்கள்?

தீர்ப்பை வரவேற்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விதிகள் செல்லாது, சாதிக் கட்டத்தை நீக்கு, மூன்று மாதத்தில் கையேட்டைத் திருத்து என்றது. 2024 டிசம்பரில் மத்திய அரசும் மாதிரிக் கையேட்டைத் திருத்தியது. சரி. ஆனால் இந்த விதிகள் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவை மீறுகின்றன, அதாவது இது தீண்டாமை என்று அந்த நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தப் பிரிவு தீண்டாமையை ஒழித்ததோடு நிற்கவில்லை, அதைக் கடைப்பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றும் சொல்கிறது. தீண்டாமை என்ற பெயரில் ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டவோ மலம் அள்ளவோ வைத்தால் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 7ஏ பிரிவில் மூன்று முதல் ஆறு மாதம் ஜெயில். 1976 திருத்தத்தில் இருந்தே இருக்கிற பிரிவு.

குற்றம் இருக்கிறது, குற்றவாளி மட்டும் இல்லை! விதியை ரத்து செய்தார்கள். அதை நடத்திக் காட்டிய கண்காணிப்பாளர், ஜெயிலர், வார்டன் ஒருத்தர் மேலும் வழக்குப் போடச் சொல்லி ஒரு வரி இல்லை. தேங்காய் திருடியவனுக்கு ரிமாண்டு. தீண்டாமையை நடத்திய அதிகாரிக்கு பென்சன்.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து தொடர்ந்து ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. சட்டம் படிக்கிற நம் பிள்ளைகள் அந்த அறிக்கைகளைக் கேட்டு மனுப் போட வேண்டும். எந்த பிளாக்கில் யார், சமையல்கட்டில் யார், கக்கூஸ் கழுவுகிற முறையில் யார்? முறை போட்டவர் யாரோ, அவர் பெயரையும் பதவியையும் எழுதி 7ஏ பிரிவில் புகார் கொடுங்கள்.