கண்ணனூரில் ஒரு மாலை

நம் பங்கு மண்டபத்துக்கென வாங்கிய சலவைக்கல் ஒன்று, மூன்று மாதங்களாகக் கோவிலின் பின்னறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மண்டபத்துக்குப் பெரும்பொருள் ஈந்த அண்ணன் தம்பி இருவரில் யார் பெயரை முதலில் பொறிப்பது என்னும் வழக்கு தீரவில்லை. இருவரும் நல்ல உள்ளத்தினர். ஆயினும் இந்தக் கல் வந்த நாள்முதல் ஒரே பந்தியில் அமர்வதில்லை.

சென்ற மாதம் அண்ணன் தம் அலுவலாகச் சமயபுரத்துக்குப் புறப்பட்டார். "சாமி, நீங்களும் வாருங்களேன்" என்றார். அதையடுத்த கண்ணனூரைக் காணும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு, உடன்பட்டேன்.

ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் சமயபுரம். மாரியம்மன் கோயிலின் சந்தடி நாடறிந்தது. அதை விட்டு விலகிச் சற்றே நடந்தால் பழைய கற்கோயில் ஒன்று அமைதியாக நிற்கிறது. போஜீசுவரர் கோயில் என்பது அதன் பெயர். நாங்கள் சென்ற வேளையில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனைத் தவிர அங்கே எவருமில்லை.

"போஜராஜன் இவ்வளவு தூரம் வந்தானா சாமி?" என்று வியந்தார் அண்ணன்.

போஜன் வரவில்லை. வந்தவன் போசள மன்னன் வீர சோமேசுவரன். துவாரசமுத்திரத்துப் போசளர், தளர்ந்துபோன சோழருக்குத் துணையாக வந்து, வந்த இடத்திலேயே வேரூன்றிவிட்டார்கள். (துணைக்கு வந்தவர் தங்கிவிடுவது வரலாற்றில் புதிதன்று!) பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோமேசுவரன் கண்ணனூரைத் தலைநகராக்கி, அதற்கு விக்கிரமபுரம் என்று பெயரிட்டான். தன் மனமகிழ்ச்சிக்கென்றே அந்நகரை எடுப்பித்ததாக அவனது செப்பேடு கூறுகிறது. தன் குலப்பெயர் விளங்கப் போசளீசுவரம் என்னும் இக்கோயிலையும் கட்டினான். மக்கள் நாவில் போசளீசுவரம் தேய்ந்து போஜீசுவரமாயிற்று. கட்டியவன் பெயர் போய், எங்கோ மாளவத்தில் ஆண்ட வேறொருவன் பெயர் நிலைத்துவிட்டது.

விக்கிரமபுரம் என்றால் இன்று அவ்வூரில் வழி சொல்வார் யார்? 1260-ஆம் ஆண்டை ஒட்டிச் சடையவர்மன் சுந்தர பாண்டியன் படையெடுத்து வந்து, சோமேசுவரனைக் கொன்று ஊரைக் கைக்கொண்டான். ஸ்ரீரங்கத்து விமானத்துக்குப் பொன் வேய்ந்தவன் இவனே. பின்னர் 1342-இல் மூன்றாம் வல்லாளன், மதுரை சுல்தானியரிடமிருந்த கண்ணனூரை முற்றுகையிட்டுப் பிடிபட்டு மாண்டான். அம்முதிய அரசனின் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாம் கண்டதாக இபின் பதூதா எழுதியுள்ளார். அதை நான் சொன்னபோது அண்ணன் முகம் சுளித்தார்.

மண்டபப் படியில் அமர்ந்து, இத்தாலியில் உள்ள இதுபோன்றதோர் ஊரைப் பற்றியும் அவருக்குச் சொன்னேன். மாந்துவா நகருக்கு அருகே சாபியொனேத்தா என்னும் சிற்றூர் இருக்கிறது. கொன்சாகா குலத்து வெஸ்பசியானோ என்னும் கோமகன், அரண்மனையும் நாடகசாலையும் மதிலுமாகத் தனக்கென அதை எழுப்பினான். 1591-இல் அவன் மறைந்ததும் ஊர் ஒடுங்கியது. அதே குலத்தில் பிறந்த மற்றொருவர், மூத்த மகனாக இருந்தும், தமக்குரிய ஆட்சியுரிமையை 1585-இல் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். உரோமையில் கொள்ளைநோயாளருக்குப் பணிவிடை செய்து, அந்த 1591-இலேயே, இருபத்து மூன்று வயதில் இறந்தார். அவர்தாம் நாம் ஞானப்பிரகாசியார் என்றழைக்கும் புனித அலோசியுஸ் கொன்சாகா. நம் பங்கிலேயே எத்தனை ஞானப்பிரகாசங்கள்!

"தம்பிக்கா எழுதிக்கொடுத்தார்?" என்று மட்டும் கேட்டார். "ஆம், ருதோல்போ என்னும் தம்பிக்கு" என்றேன்.

இருட்டத் தொடங்கிற்று. பேருந்தில் அவர் ஒன்றும் பேசவில்லை. கொள்ளிடப் பாலத்தின்மேல் வந்தபோது, "கல்லில் எழுத்து வெட்ட, எழுத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள் சாமி?" என்றார். கூலி ஏறிவிட்டதென்றேன்.

மறுநாள் காலை அவர் தம்பி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காப்பி அருந்தியதைக் கோவிற்பிள்ளை பார்த்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. கல் இன்னும் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது.