ஸ்டீல் ஆர்ச் ஒர்க்‌ஷாப்: பட்ஜெட்டில் எங்கே கைவைக்கக் கூடாது?

அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் சொந்தமா ஒரு ஒர்க்‌ஷாப் கட்ட நினைப்பவர்களுக்கு ஸ்டீல் ஆர்ச் கிட் ஒரு நல்ல சாய்ஸ். 1941-ல் அமெரிக்கக் கடற்படைக்காக ரோட் ஐலண்டின் குவான்செட் பாயின்ட்டில் உருவான அரைவட்டக் கொட்டகையின் வாரிசு இது. நெளிவுத் தகடே சுவர், அதுவே கூரை. உள்ளே தூண் கிடையாது. போல்ட் முடுக்க நாலு நண்பர்கள் வந்தால் கூலிச் செலவும் மிச்சம்.

ஆனால், விளம்பரத்தில் வரும் விலை பெரும்பாலும் வளைவுக்கு மட்டும்தான். கான்கிரீட் தளம், முன்-பின் சுவர்கள், கதவு, இன்சுலேஷன் எல்லாம் தனிக் கணக்கு. பட்ஜெட் எகிறியதும் அஸ்திவாரத்தில் கைவைக்கத் தோன்றும். அதுதான் தப்பு. வளைவு தன் பாரத்தை இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். பலத்த காற்றோ, எடை குறைந்த கொட்டகையை மேலே தூக்கப் பார்க்கும். இரண்டையும் தாங்குவது கான்கிரீட்டும் ஆங்கர் போல்ட்டும்தான். இன்சுலேஷனை விட்டாலும் சிக்கல்: குளிர்காலத்தில் தகட்டின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும், மெஷின் துருப்பிடிக்கும்.

காசு பத்தலையா? நீளத்தைக் குறைக்கலாம். கையில் பணம் வந்ததும் தளத்தை நீட்டி, இன்னும் நாலு வளைவைச் சேர்த்துக்கலாம். கொட்டகை ஏறிய பிறகு பலவீனமான அஸ்திவாரத்தைச் சரிசெய்வதுதான் பெரிய செலவு.