சாவியைத் தொடாதே!
யானைக்குத் தண்ணீர் பிடிக்கும். 'குட்டி யானை'க்குப் பிடிக்காது!

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் பம்பர் வரை தண்ணீர். நண்பர் தைரியமாக வண்டியை இறக்கினார். எதிரே வந்த பஸ் கிளப்பிய அலையில் இன்ஜின் மூச்சை நிறுத்தியது. பதறிப்போய் சாவியைத் திருகினார். 'டங்!' தவணை இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

"காத்தை அமுக்கலாம் சார், தண்ணியை அமுக்க முடியுமா?" என்றார் மெக்கானிக். "சிலிண்டருக்குள்ள தண்ணி போயிட்டா பிஸ்டன் மேல வராது. மறுபடி ஸ்டார்ட் பண்ணா, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்."

வேறு வழியே இல்லையா? பஸ் போகட்டும். அப்புறம் முதல் கியரில், ஒரே சீராக, மெதுவாகப் போங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாக அமுக்கிப் பாருங்கள்.

நின்றுவிட்டால்? இறங்கித் தள்ளுங்கள். நனைந்த பேன்ட் காய்ந்துவிடும்; வளைந்த ராடு நிமிராது!