கல் போனது, தீவும் போனது: தூத்துக்குடி கடற்கரை மக்களுக்கு ஒரு திறந்த மடல்



மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு மேல் இல்லை: தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி. 16 ஹெக்டேர் இருந்த வான் தீவும் 2015-க்குள் ஏறக்குறைய 2 ஹெக்டேராகத் தேய்ந்துவிட்டது. கடல்மட்டம் உயர்ந்ததற்கும் இதில் பங்குண்டு. ஆனால் முதல் அடி கடப்பாரையால் விழுந்தது. வள்ளத்தில் போய்த் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாரில் மூழ்கி, பவளக்கல்லைப் பெயர்த்து வந்து சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டட வேலைக்கும் கார்பைடு ஆலைக்கும் விற்றார்கள். அலையை உடைக்கும் பார் போனபின் மணல்திட்டு எப்படி நிற்கும்?

தெரியாமல் நடந்ததல்ல. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1972-லேயே இந்தக் கல் எடுப்பைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் ஏறியதோ 2001-இல்தான். கல் எடுப்பு ஓய 2005 ஆனது. கல்லுக்கான கூலி அன்று மாலையே கைக்கு வந்தது. மீன் குறைந்தது பல வருஷம் கழித்து, யாரோ ஒருவர் வலையில். அந்த நட்டத்துக்காக வழக்காட ஆளில்லை; கல் எடுத்தவருக்கு வேறு பிழைப்பு காட்டவும் ஆளில்லை.

முன்யோசனை இந்தக் கரைக்குப் புதிதுமல்ல. முத்துக்குளிப்புக்கு முன் அரசு ஆட்கள் முத்துப்பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்தை மதிப்பிடுவார்கள். விளைச்சல் போதாதென்றால் அந்த ஆண்டு குளிப்பே கிடையாது. (கடைசிக் குளிப்பு 1961-இல் நடந்தது, பார்கள் அதன்பின் தேறாதது தனிக்கதை.) முத்து கருவூலத்துக்குப் பணம் தந்தது, சோதித்தார்கள். பவளக்கல்லை அப்படி யாரும் எண்ணவில்லை.

முன்யோசனைக்கு இன்னொரு தடையும் உண்டு: தடுக்கப்பட்ட ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. 2004 சுனாமியில் இலங்கையின் பெரலியாவில் ரயிலே புரண்டதை உலகம் அறியும். அங்கே பவளம் வெகுவாகத் தோண்டப்பட்டிருந்தது; அலை ஏறத்தாழ 10 மீட்டர் எழுந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போனது. சில கிலோமீட்டர் தள்ளி, பார் தப்பியிருந்த ஹிக்கடுவையில் 50 மீட்டரோடு நின்றுவிட்டது. ஹிக்கடுவையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

வான் தீவின் முன்னால் இப்போது கான்கிரீட்டில் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டுள்ளன. நல்ல வேலைதான், கல்லை விற்றுக் கிடைத்ததைவிட இதற்கான செலவு அதிகமாகவே இருக்கும். மிஞ்சிய தீவுகளையும் பார்களையும், முத்துப்பார் சோதனைபோல, ஆண்டுதோறும் அளந்து கணக்கை ஊரில் வாசிக்கும்படி ஊர்க் கமிட்டிகளும் மீனவர் சங்கங்களும் மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
துபாயில் வாழும் தூத்துக்குடிக்காரர் ஒருவர்