முதல் நாலு நொடி

"மலையில ஓட்டுற வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் சரி. காலையில சத்தமே வராது." இருபது ஆண்டுகளாக ஊட்டியில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டாக்ஸி ஸ்டாண்டில் சொல்கிறார்கள், பட்டறையில் சொல்கிறார்கள், புதுக் கார் வாங்கியவரை வாசலில் நிறுத்திப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். போன மார்கழியில் ஓட்டுநர்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில் மேடையேறிய ஒருவர் இதையே அரை மணி நேரம் விளக்கினார். முன்வரிசையில் இருந்த இளைஞர்கள் செல்போனில் குறித்துக்கொண்டார்கள். அன்று எழுந்து மறுத்துப் பேசாமல் வந்துவிட்டது இன்னும் உறுத்துகிறது. அவர் சொன்னது பாதி சரி, பாதி தவறு என்றுகூட ஒப்புக்கொள்ள முடியாது. உண்மைக்கு நேர் எதிர்.

அவர் சொன்ன முதல் காரணம், மெல்லிய ஆயில் ராத்திரியோடு ராத்திரியாக இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்புக்கு வடிந்துவிடும், கெட்டி ஆயில் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பது. மலையில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இதற்கான பதில் சமையலறையிலேயே இருக்கிறது. டிசம்பரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, இளகும்வரை காத்திருந்துதான் தலைக்குத் தேய்க்கிறோம். இன்ஜின் ஆயில் தேங்காய் எண்ணெயைப் போல 24 டிகிரியில் உறைவதில்லை, ஆனால் குளிரக் குளிர அதுவும் பாகாக இறுகுகிறது. காலை ஆறு மணிக்கு, தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, அந்தப் பாகைச் சம்ப்பிலிருந்து உறிஞ்சி, பென்சில் பருமன்கூட இல்லாத துளைகள் வழியாக இன்ஜினின் உச்சிவரை பம்ப் ஏற்ற வேண்டும். அது போய்ச் சேரும்வரை மேலே டேப்பட்டும் கேம்ஷாஃப்ட்டும் நேற்று ஒட்டிய மெல்லிய பூச்சை நம்பித்தான் சுற்றுகின்றன. நாம் கேட்கும் 'கடகட' பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில் பிறக்கிற சத்தம். கெட்டி ஆயில் ஊற்றினால் காத்திருப்பு நீளும்.

டப்பாவின் மேல் இருக்கும் எண்ணை யாரும் சரியாகப் படிப்பதில்லை. 20டபிள்யூ-50 என்பதில் 50-ஐ மட்டும் பார்த்து, 'நல்ல கெட்டி' என்று எடுத்துப் போகிறார்கள். அந்த 50 ஆயில் 100 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளந்த தடிமனைக் குறிக்கிறது, விடியற்காலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. விடியற்காலையைச் சொல்வது முன்னால் இருக்கும் எண். 'டபிள்யூ' என்ற எழுத்தே குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே300 தரத்தின்படி, 20டபிள்யூ ஆயிலைச் சுழியத்துக்குக் கீழே 15 டிகிரியில் சோதிக்கிறார்கள், 5டபிள்யூ ஆயிலைச் சுழியத்துக்குக் கீழே 30 டிகிரியில். இன்ஜினைச் சுழற்றும்போது ஆயில் எவ்வளவு தடிமனாக இருக்கலாம் என்பதற்கான உச்சவரம்பு முதலாவதற்கு 9500, இரண்டாவதற்கு 6600 மில்லிபாஸ்கல்-நொடி. இன்னும் 15 டிகிரி கூடுதலான குளிரிலும் அந்த 'மெல்லிய' ஆயில்தான் இளகலாக இருந்தாக வேண்டும் என்று தரமே சொல்கிறது.

'ஊட்டியில் அவ்வளவு குளிர் எங்கே இருக்கிறது?' என்று கேட்பார்கள். இல்லைதான். 20டபிள்யூ-50 ஊற்றிய வண்டியும் இங்கே செல்ஃப் எடுக்கும், ஓடும். ஆனால் பேச்சு வண்டி ஓடுமா என்பதைப் பற்றியது அல்ல, சத்தத்தைப் பற்றியது. வெப்பநிலை சுழியத்தை ஒட்டி நிற்கும் காலையில், கடையில் கிடைக்கும் வழக்கமான 5டபிள்யூ-30 ஆயிலே, நன்றாகச் சூடேறிய இன்ஜினில் ஓடும் 20டபிள்யூ-50-ஐவிட இருபது மடங்குக்கு மேல் தடிமனாக இருக்கும். அதே காலையில் 20டபிள்யூ-50 அதைவிடவும் ஏறக்குறைய நாலு மடங்கு தடிமன். குளிரில் ஆயில் மெலிந்துபோகிறது என்ற பயத்துக்கு இதில் இடமே இல்லை. குளிர்ந்த இன்ஜினில் எந்த ஆயிலும் மெலிசாக இருப்பதில்லை.

பழைய வண்டியெல்லாம் கெட்டி ஆயிலில்தானே ஓடியது என்றார் மேடையில் பேசியவர். அந்த இன்ஜின்களின் இடைவெளிகள் வேறு, அன்றைக்குக் கிடைத்த ஆயிலும் வேறு. கம்பெனிக்காரன் மைலேஜுக்காகத் தண்ணீர் மாதிரி ஆயிலைத் தலையில் கட்டுகிறான் என்றார். தலையில் கட்டுகிறவன்தான் அந்த இன்ஜினை வடிவமைத்தவனும், வாரன்ட்டி கொடுத்தவனும்.

கைதட்டல் எழுந்தது பிரஷர் மீட்டரைப் பற்றிப் பேசியபோதுதான். "கெட்டி ஆயில் ஊத்திட்டு மீட்டரைப் பாருங்க, முள்ளு எப்படி ஏறுதுன்னு." ஏறும். நானும் பார்த்திருக்கிறேன். அந்த முள் எதைக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி. கேத்தி, நஞ்சநாடு பக்கம் கேரட் தோட்டங்களில் மோட்டார் போட்டு ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். குழாயில் சேறு அடைத்துக்கொண்டால், மோட்டாரை ஒட்டி இருக்கும் மீட்டரில் முள் மேலே போகும், தோட்டத்துக் கோடியில் ஸ்பிரிங்க்ளர் சுற்றாது. முள் ஏறியதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் நன்றாகப் பாய்கிறது என்று எந்த விவசாயியும் வீட்டுக்குப் போக மாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழாயைத் தேடிப் போவார்.

இன்ஜினுக்குள் நடப்பதும் இதுதான். ஆயில் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு ஆயிலைத் தள்ளுகிறது. குளிரில் இறுகிய ஆயில் குறுகிய பாதைகளில் நுழைய மறுக்கும்போது பம்ப்பின் வாயிலில் அழுத்தம் எகிறுகிறது. அது எல்லை மீறினால் பம்ப்பும் ஃபில்டரும் சிதறிவிடும் என்பதால், ரிலீஃப் வால்வ் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது திறந்துகொண்டு, தள்ளிய ஆயிலில் ஒரு பங்கைத் திருப்பிக் கீழேயே அனுப்பிவிடுகிறது. முள் பெருமையாக மேலே நிற்கும் அந்த நேரத்தில், டேப்பட்டுக்குப் போக வேண்டிய ஆயில் சம்ப்பையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இது போதாதென்று, ஃபில்டருக்குள்ளும் ஒரு பைபாஸ் வால்வ் இருக்கிறது. ஃபில்டர் தாள் வழியாக நுழைய முடியாத அளவுக்கு ஆயில் கெட்டியாக இருந்தால் அதுவும் திறக்கும். வடிகட்டாத ஆயில் அப்படியே பேரிங்குகளுக்குப் போகும். அழுத்தம் என்பது ஆயிலுக்கு ஏற்பட்ட தடையின் அளவு. இன்ஜினுக்கு வேண்டியதோ ஓட்டம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தால் அந்த அரை மணி நேரப் பேச்சே நடந்திருக்காது.

என் வண்டியிலேயே இதை அனுபவித்தேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு நொடி டைமிங் செயின் பக்கம் கலகலவென்று ஒரு சத்தம். கையேட்டில் 5டபிள்யூ-30 என்று அச்சிட்டிருந்தும், பட்டறைக்காரர் என்னைக் கேட்காமலேயே 20டபிள்யூ-50 ஊற்றி, "இனிமே வராது சார்" என்றார். மறுநாள் காலை அந்த இரண்டு நொடி நாலு நொடியானது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் வந்து சேரும்வரை செயின் தொய்ந்து கவசத்தில் மோதுகிறது. அதன் பிறகு கோயம்புத்தூரில் வேறொரு மெக்கானிக் பழைய ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். ராத்திரியில் ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் தட்டு உள்ளே விறைத்து, ஓரம் வளைந்து கிடந்தது. நல்ல ஃபில்டர், கையேட்டில் சொன்ன ஆயில். அடுத்த பனிக்காலத்தில் அந்தச் சத்தம் வரவில்லை. வடிவதைத் தடுப்பது அந்த ரப்பரின் வேலை. ஆயிலைக் கெட்டியாக்கி அதைச் சாதிக்க முடியாது.

காலைச் சத்தம் எல்லாமே ஆயிலால் வருவதும் இல்லை. அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். குளிரில் அது சுருங்கி சிலிண்டருக்குள் லேசாக ஆடித் தட்டும், சூடேறியதும் அடங்கிவிடும். டீசல் வண்டியின் காலை முழக்கம் வேறு வகை. சிலிண்டர் குளிர்ந்திருப்பதால் தெளித்த டீசல் தாமதமாகப் பற்றி, மொத்தமாக ஒரே நேரத்தில் வெடிக்கிறது. அதற்குப் பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக்கை. ஸ்டார்ட்டர் முனகினால் பேட்டரியை. இத்தனைக்கும் ஒரே மருந்தாக ஒரு டப்பாவை நீட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதோடு, ஆயில் மேலே ஏறட்டும் என்று குளிர்ந்த இன்ஜினை ரேஸ் பண்ணச் சொன்னார் அந்த மேடைப் பேச்சாளர். அந்த முதல் நொடிகளில் செய்யக் கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கெட்டி ஆயில் சத்தத்தை அடக்கும் நேரம் ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, தேய்ந்துபோன இடைவெளிகளில் அது மெத்தைபோல நின்று தட்டலை அமுக்கும். பழைய வண்டியை விற்க வருகிறவர்கள் அதை ஊற்றிக்கொண்டு வருவது இதற்காகத்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஏறி வந்து, சூட்டோடு நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள், பட்டுப்போல ஓடும். வாங்குகிறவர் முன்பணம் கொடுக்காமல், வண்டியை ஒரு ராத்திரி இங்கேயே பனியில் விட்டுவிட்டுப் போகச் சொல்லட்டும். காலை ஆறு மணிக்கு பானட்டைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருந்தால் மட்டும் சாவியைத் திருப்பட்டும்.