மூன்று ஊமைப் படங்கள்

லாரெட் டெய்லர் என்ற அமெரிக்க நடிகையின் பெயரை நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதில் ஆச்சரியமில்லை. அம்மணி நடித்த சினிமாப் படங்கள் மூன்றே. மூன்றும் ஊமைப் படங்கள்!

1912-ல் ஹார்ட்லி மானர்ஸ் எழுதிய 'பெக் ஓ மை ஹார்ட்' நாடகத்தில் ஏழை ஐரிஷ் பெண் பெக்காக நியூயார்க் மேடையில் தோன்றினார். அறுநூறு தடவைக்கு மேல் நடந்த நாடகம் அது. மானர்ஸ் அவரை மணந்தார். 1922-ல் நாடகம் படமாயிற்று. பேச்சிலேயே உயிரை வைத்திருந்த பெக், திரையில் வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள்.

1928-ல் மானர்ஸ் காலமானார். லாரெட் துயரத்தை மதுவில் கரைக்கப் பார்த்தார். கரைந்தது அவருடைய தொழில்தான். 1938-ல் ஹாலிவுட்டில் பேசும் படத்துக்காக அவரை வைத்துச் சோதனை எடுத்தார்கள். வேஷம் வேறொருவருக்குப் போயிற்று.

1944 டிசம்பர். சிகாகோவில் கடுங்குளிர். அப்போது பெயர் பெறாதிருந்த டென்னஸி வில்லியம்ஸின் 'கிளாஸ் மெனாஜரி' நாடகத்தில், பழம்பெருமை பேசிப் பிள்ளைகளை வாட்டும் தாயாக லாரெட் வந்தார். வயது அறுபதைத் தாண்டியாயிற்று. கொட்டகையோ காலி. நாடகத்தை நிறுத்திவிடவும் யோசித்தார்கள். கிளாடியா காஸிடி என்ற விமரிசகி திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து எழுதினார். (விமரிசகர்களாலும் சில சமயம் நன்மை உண்டு!) ஜனங்கள் திரண்டார்கள். 1945 மார்ச்சில் நாடகம் நியூயார்க்குக்குப் போயிற்று. அங்கே அவரைக் கண்ட நடிகர்கள் பலர், அதற்கு ஈடான நடிப்பைத் தாம் பார்த்ததே இல்லை என்று ஆயுள் முழுதும் சொல்லி வந்தார்கள்.

1946 டிசம்பரில் லாரெட் காலமானார். அந்த நாடகம் 1950-ல் பேசும் படமாக வெளிவந்தபோது, தாயாக நடித்தவர் கெர்ட்ரூட் லாரன்ஸ்.